தசமத்துக்குப் பின்

கே.கே.எஸ். வீதியில், பாமசிக்கு மேல்மாடியில்
எங்கள் கந்தோர். நாலு கதிரை, மூன்று கணினி.
பெயர் சொல்லக்கூடாத ஒரு பாலைவன நாட்டின்
சீனிப் பயிர்களை நான் கழுவுகிறேன்.
கழுவுதல் என்றுதான் சொல்வார்கள்:
இரண்டு தரம் வந்த வரிகளை எடுப்பது,
காற்புள்ளி நின்ற இடத்தில் புள்ளி வைப்பது,
நீ வெற்றிடமா, பூச்சியமா என்று
ஒவ்வொரு கட்டத்தையும் கேட்பது.

கரும்பு. பீற். ஏனையவை.
ஐம்பத்தெட்டு வருடம், ஆயிரம் தொன்னில்.
உற்பத்தி: பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.
இறக்குமதி மட்டும் ஏறுகிறது
எண்ணெய் விலையின் தோளைப் பிடித்துக்கொண்டு.

எங்கள் உயர்தரப் பாடப்புத்தகத்தில்
சப்ளை கிடையாது, நிரம்பல்.
டிமாண்ட் கிடையாது, கேள்வி.
உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி
ஏற்றுமதியைக் கழித்து
கையிருப்பு மாற்றத்தையும் சேர்த்தால்
உள்நாட்டு நிரம்பல்.
மணலால் நிரம்பிய நாட்டில்
கேள்வி யாருடைய வாயில் ஊறியிருக்கும்?

"ஏனையவை" என்றதன் அடிக்குறிப்பில்
பனையும் கிடந்தது.
பக்கத்துக் கதிரை றெஜினோல்ட் எட்டிப் பார்த்தான்.
"அப்ப நாங்கள் இஞ்சயும் ஏனையவைதான்."

பிறகு தொண்ணூற்றி நாலு.
அந்த ஒரு கட்டத்தில் மட்டும் 0.3.
முன்னூறு தொன் கரும்பு.
அடுத்த வருடம் மறுபடி பூச்சியம்.
கொழும்பிலிருந்து சஜீவனின் செய்தி:
தட்டச்சுப் பிழை, அழிக்கவும்.

அதே வருடம் யாழ்ப்பாணத்தில்
ஒரு கிலோ சீனி என்ன விலை?
எந்தத் தாளிலும் இல்லை.
இரவு அம்மாவைக் கேட்டேன்.
அவர் விலை சொல்லவில்லை.
சீனி போட்டிருந்த ஹோர்லிக்ஸ் போத்தலை
அலுமாரியின் இன்னும் உள்ளுக்குத் தள்ளி வைத்தார்.
கையிருப்பு மாற்றம்.

றெஜினோல்ட்டின் தமையன் யூட்
அந்த நாட்டில்தான் தண்ணி பவுசர் ஓட்டுகிறார்.
மத்தியானம் சோற்றுப் பார்சலுக்கு நடுவில்
போனை வைத்து, ஸ்பீக்கரில் கேட்டோம்.
சிரித்தார். மணல் கரகரக்கும் சிரிப்பு.
"கரும்போ? இஞ்சயோ?
காம்ப் வாசலில சியால்கோட்காரன்ர ஜூஸ் கடை இருக்கு.
அவனுக்கும் கப்பலில வாறது, ஈரச் சாக்குச் சுத்தி."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"பொறு. ஒண்டு இருக்கு.
எங்கட பில்டிங்குக்குப் பின்னால
பன்னிரண்டு ஏசித் தண்ணியும் ஒரு பைப்பால சொட்டும்.
ஜூஸ்கடைக் குப்பையில பொறுக்கின கணு ஒண்டை
கொமில்லாப் பெடியன் அதில ஊண்டினவன்.
இப்ப அஞ்சு தடி. என்னைவிட உசரம்.
சத் பூசைக்கு வேணுமெண்டு பீகார்க்காரர்,
பொங்கல்மட்டும் தொடாதேங்கோ எண்டு எங்கட ஆக்கள்.
ரெண்டு பேச்சுவார்த்தை முடிஞ்சுது.
நான் வேதக்காரன், எனக்கு ஒரு துண்டு
சப்பத் தந்தாக் காணும்."

தடி ஒன்று ஒன்றரைக் கிலோ என்று வைத்தாலும்
ஏழரைக் கிலோ.
ஆயிரம் தொன்னில்: 0.0000075.
கடைசி வருடத்துக் கட்டத்தில் அடித்துப் பார்த்தேன்.
தாள் அதை 0.00 என்று விழுங்கி
வாயைத் துடைத்துக்கொண்டது.

மேலே போய்
ஐம்பத்தேழு பூச்சியங்களையும் திரும்பப் பார்த்தேன்.
எதன் பின்னால் ஏசி சொட்டுகிறது?
எதில் இரண்டு பேச்சுவார்த்தை?
தொண்ணூற்றி நாலை அழிக்கவில்லை.
குறிப்புக் கட்டத்தில் "சரிபார்க்கவும்" என்று போட்டேன்.
சஜீவன் நாளைக்கு ஏசுவான்.

மூன்றரைக்குக் கரண்ட் போனது.
யூ.பி.எஸ். கீச்சிடத் தொடங்கியது,
சேமிக்க ஐந்து நிமிடம்.
அப்போதுதான் படம் வந்தது:
நீல பரல், சொட்டும் பைப்,
கரும்பின் கணுவைப் பிடித்தபடி
யாரோ ஒருவனின் கை.

றெஜினோல்ட் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தான்.
"எவ்வளவு போட்டனீ?"
ஏழரை, என்றேன்.
"எட்டாப் போடு.
அண்ணை எப்பவும் கொஞ்சம் குறைச்சுத்தான் சொல்லுவார்."